ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அடிவயிற்று வலி மட்டும் நிற்கவில்லை: மாத்திரையா, பிசியோதெரபியா, ஆபரேஷனா?

பாளையங்கோட்டையில் என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு ஜவுளிக்கடைப் பையோடுதான் வருகிறார்கள். உள்ளே ஐந்தாறு ஸ்கேன் படங்கள், மடிப்பில் கிழிந்த சிறுநீர்ப் பரிசோதனைத் தாள், வெவ்வேறு டாக்டர்களின் சீட்டுகள். எல்லாவற்றிலும் நார்மல் என்றே எழுதியிருக்கும். பையை மேஜைமேல் வைத்துவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விதான் ஆளுக்கு ஆள் மாறும். “கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்களே, எடுத்துவிடட்டுமா தாயி?” என்பார் ஒருவர். “மாத்திரை போட்டால் நிற்கிறது, விட்டால் வருகிறது, எத்தனை வருடம் போட?” என்பார் இன்னொருவர். செல்போனில் பார்த்த பயிற்சியைச் செய்து காட்டி, சரிதானா என்று கேட்கும் இளம்பெண்களும் உண்டு.

நான் பிசியோதெரபிஸ்ட். என் தராசு என் தொழில் பக்கம் கொஞ்சம் சாயும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த வழியாக இருந்தாலும் ஐந்து கேள்விகள் கேட்கிறேன். இந்த வழி வலியின் வேரைத் தொடுகிறதா, வலியை மட்டும் அமுக்குகிறதா? பலன் இருக்கிறதா இல்லையா என்று எத்தனை வாரத்தில் தெரியும்? செய்தது தவறு என்று பின்னால் தெரிந்தால் திரும்பி வர முடியுமா? பில்லில் வராத செலவு என்ன, அதாவது போன கூலி, பஸ்ஸில் கழிந்த அரை நாள், வீட்டில் கேட்ட பேச்சு? கடைசியாக, யாருக்கு இது உண்மையிலேயே பொருந்தும்?

மூன்றாவது கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன். திரும்ப முடிந்த வழிகளை முதலில் தீர்த்துவிட்டு, திரும்ப முடியாததைக் கடைசியில் வைப்பது என் வழக்கம்.

இந்த ஒப்பீடு நாள்பட்ட வலிக்கு, அதாவது ஆறு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டோ தொடர்ந்தோ இருக்கும் வலிக்குத்தான். காய்ச்சலோடு வலி, நிற்காத வாந்தி, நாள் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கம் திடீரென்று கடும் வலி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, சில வாரங்களாகக் குறையாத வயிற்று உப்புசம், கவட்டைப் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, ஆண்களுக்கு விரையில் திடீர் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரை முறுக்கிக்கொண்டால் கையில் இருப்பது ஆறு மணி நேரம்தான்.

## மாத்திரை

பலன் தெரிய ஒரு மணி நேரம் போதும், விலையும் குறைவு, முக்குக் கடையிலேயே கிடைக்கும். ஆகவேதான் எல்லோரும் இதிலிருந்து தொடங்குகிறோம். மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் மட்டும் வலி என்றால் மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டர் சொன்ன அளவில், நேரத்தோடு போட்டுக்கொள்வது நல்ல வழியே. வலி உச்சிக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு பைக்கு வெளியே வளரும் நோய்) என்று உறுதியானால் ஹார்மோன் மாத்திரைகள் வேரையே தொடும் மருந்துகள். அவற்றை நான் குறைசொல்ல மாட்டேன்.

வலி மாத்திரையை வருடக்கணக்கில் தினம் போடுகிறவர்களைப் பற்றித்தான் கவலை. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் சத்தமில்லாமல் வரும். அதைவிட மோசமானது, நீர்க்கடுப்பு என்று சொன்னதும் ஒவ்வொரு முறையும் எழுதப்படும் ஆன்டிபயாட்டிக். சிறுநீர் கல்ச்சரில் கிருமியே வளராதபோது ஐந்தாவது சுற்று ஆன்டிபயாட்டிக் எதைக் கொல்லப் போகிறது? நரம்பு வலி மருந்துகளிலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தெளிவான காரணம் தெரியாத இடுப்புக்கூட்டு வலியுள்ள 306 பெண்களிடம் பிரிட்டனில் கபாபென்டின் கொடுத்துப் பார்த்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாத போலி மாத்திரையைவிட அது கூடுதலாக வலியைக் குறைக்கவில்லை. மயக்கமும் தூக்கக் கலக்கமும்தான் கூடின.

## இடுப்புத்தளப் பிசியோதெரபி

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தொட்டில் சேலை கட்டியதுபோல் ஒரு தசைப் படலம் இருக்கிறது. அதுதான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இந்தச் சேலை தொய்ந்தால் இருமும்போது சிறுநீர் கசியும். எப்போதும் இழுத்துக் கட்டிய நிலையிலேயே கிடந்தால் வலிக்கும். வலி அடிவயிற்றில், கவட்டையில், வால் எலும்பில், தொடையின் உட்புறத்தில் எங்கும் தெரியலாம்; தாம்பத்தியத்தின்போது வரலாம்; சிறுநீர் போன பிறகும் இன்னும் இருப்பதுபோல் தோன்றலாம். ஸ்கேனில் இது தெரியாது. வழக்கமான ஸ்கேன் கட்டியையும் நீர்க்கட்டியையும் காட்டும். தசை இறுகியிருப்பதைக் காட்டுவதற்காக எடுப்பதல்ல.

ஏன் இறுகுகிறது? பழைய கிருமித்தொற்று, சிசேரியன் தழும்பு, வருடக்கணக்கான மலச்சிக்கல், பஸ் பயணத்திலும் வேலையிடத்திலும் கழிப்பறை இல்லாமல் சிறுநீரை அடக்குவது, பயம். முதல் காரணம் ஆறிப்போயிருக்கும். உடம்பு மட்டும் அடி விழப்போகிறது என்று குறுகியே நிற்கும்.

ஒரு காட்சியைச் சொன்னால் விளங்கும். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். வயது 38. நாற்காலியில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தார். வயிற்றைத் தொட்டால் வலி, கை எடுத்தால் கொஞ்சம் பரவாயில்லை, மாலையில் அதிகம். படுக்கவைத்து, வலிக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டே தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். வலி கூடியது. உள்ளுறுப்பு வலியானால் வயிற்றுத் தசை இறுகும்போது பெரும்பாலும் குறையும். கூடினால் வலி வயிற்றுச் சுவரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு, “வேலை செய்வதுபோல் உட்கார்ந்து காட்டுங்கள் அக்கா” என்றேன். மடியில் சுளகு இருப்பதாக நினைத்துக்கொண்டு, இலையை உருட்டி, தூளை அடைத்து, வாயை மடக்கி, நூலைச் சுற்றிக் காட்டினார். வாயை மடக்கும் அந்தக் கணத்தில் மூச்சு நின்றது. அடிவயிறு உள்ளே போனது. அடுத்த பீடிக்கும் அப்படியே. ஒரு நாளைக்கு எழுநூறு எண்ணூறு பீடி. பத்தொன்பது வருடம்.

அவருக்குக் கொடுத்த முதல் பயிற்சி: ஒரு கட்டு முடிந்ததும் சுளகை இறக்கிவைத்து ஐந்து மூச்சு. மூச்சு உள்ளே போகும்போது வயிறு மேலே வர வேண்டும். கீழே, சிறுநீர் போகத் தொடங்கும் கணத்தில் தளருமே, அந்தத் தளர்ச்சி வர வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்கும்போது இடுப்புத்தளமும் கூடவே இறங்குவது இயற்கை. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அது மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

சிகிச்சை என்றால் இதோடு முடிவதில்லை. இறுகிய முடிச்சுகளை விரலால் அழுத்தித் தளர்த்துவது, தழும்பைச் சுற்றிய தோலை நகர்த்திப் பழக்குவது, இடுப்பையும் தொடையையும் நீட்டும் பயிற்சிகள், மலம் கழிக்கும் முறையைத் திருத்துவது எல்லாம் உண்டு. புது வீடு கட்டி மேல்நாட்டுக் கழிப்பறை வைத்தவர்களிடம் அடுப்படியில் கிடக்கும் மணைப்பலகையைக் காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளச் சொல்வேன். குத்தவைத்தால் மலக்குடலின் வளைவு நேராகும்; மணை அதில் பாதியையாவது திருப்பித் தரும். சிரிக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்துச் சிரிப்பதில்லை.

எல்லோரும் தயங்குவது உள்பரிசோதனைக்கு. உறை அணிந்த ஒரு விரலால், பிறப்புறுப்பு வழியாகவோ ஆசனவாய் வழியாகவோ, ஒவ்வொரு தசையாகத் தொட்டுப் பார்ப்பது அது. உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. பாதியில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். கல்யாணமாகாத பெண்களுக்கும், தொடுவதே பழைய துன்பத்தை நினைவூட்டும் பெண்களுக்கும் வெளிப்புறமாகவே தொடங்கலாம். வயிறு, தொடை, புட்டம், மூச்சு என்று வெளியிலிருந்தே செய்வதற்கு நிறைய இருக்கிறது. சற்று மெதுவாகப் போகும், அவ்வளவே.

பலன் எவ்வளவு? வட அமெரிக்காவில் சிறுநீர்ப்பை வலி உள்ள 81 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்தத் தசைச் சிகிச்சையும் மறுபாதிக்கு உடம்பு முழுவதும் சாதாரண மசாஜும் கொடுத்தார்கள். 2012-ல் வெளியான முடிவு: தசைச் சிகிச்சை பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் கணிசமாகத் தேறியதாகச் சொன்னார்கள், மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம். என் தொழிலுக்கு நல்ல எண்தான். ஆனால் மீதி 41 சதவீதம் பேரையும் அதில் படிக்க வேண்டும். ஆறு முறை வந்தும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் ஏழாவது முறை வரச் சொல்வதற்கு முன் மறுபடி யோசிப்பது என் கடமை.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். வழக்கமாக வாரம் ஒரு தடவை, எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை, மூன்று மாதம். சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும், வந்துபோகும் அரை நாள் கூலியை யாரும் தருவதில்லை. வீட்டில் காலையும் மாலையும் பத்து நிமிடம் பயிற்சி வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் படுத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு அமர்வுக்குப் பிறகு ஓரிரு நாள் வலி கூடவும் செய்யலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள்.

## செல்போனைப் பார்த்துத் தானே செய்வது

செலவில்லை, வெட்கமில்லை. ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, அதில் நானே ஒருத்தியைத் தள்ளியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், அடிவயிற்று வலி என்று வந்த ஒரு பெண்ணுக்குத் தொட்டுப் பார்க்காமலே கெகல் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். இறுக்கிப் பிடி, விடு, இறுக்கிப் பிடி, விடு. மூன்று வாரத்தில் அவருக்கு உட்காரவே முடியவில்லை. அவருடைய தசை ஏற்கெனவே இறுகிக் கிடந்தது. நான் அதை இன்னும் முறுக்கியிருந்தேன்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் அந்தப் பயிற்சியை எழுதியது பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்த தசைக்கு. செல்போனில் வருவதில் பாதி அதுவே, ‘இடுப்பு வலிக்கு’ என்ற தலைப்போடு. யாரும் சோதித்துப் பார்க்காதவரை இறுக்கும் பயிற்சி வேண்டாம். மேலே சொன்ன மூச்சு, முழங்காலை அகற்றிவைத்து நெற்றியைத் தரையில் சாய்த்துப் படுக்கும் பாலாசனம், வெந்நீர்ப் பை: இந்த மூன்றையும் யாரும் பயமில்லாமல் செய்யலாம்.

## தடவுதல், வர்மம், சித்தம்

நம் பக்கத்தில் வயிற்று வலி என்றதும் குடலேற்றம் என்பார்கள், வாயுப்பிடிப்பு என்பார்கள். எண்ணெய் போட்டுத் தடவ ஆள் இருப்பார். இதைக் கேலி செய்ய மாட்டேன். இதமான கை, சூடான எண்ணெய், தவிட்டு ஒத்தடம் எல்லாம் இறுகிய தசையைத் தளர்த்தவே செய்யும். நான் செய்வதில் ஒரு பகுதியும் அதுதான். பிரசவித்தவளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கும் பாட்டி அவளைப் படுக்கவைத்துக் கால் நீவிவிடுவாளே, அந்த அரை மணி நேர ஓய்வுக்கு நான் மருந்துச் சீட்டே எழுதுவேன்.

என்ன வலி என்று தெரியாமல் வயிற்றை ஆழமாக அமுக்குவதுதான் ஆபத்து. குடல்வால் அழற்சியோ குழாயில் தங்கிய கருவோ உள்ளே இருந்தால் தடவலில் போகும் இரண்டு மணி நேரம் உயிர்ப் பிரச்சினை. சித்த வழியில் நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவரிடம் ஸ்கேன் பையோடு போங்கள்.

## ஆபரேஷன்

இரண்டைப் பிரித்துப் பேச வேண்டும். முதலாவது லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் உள்ளே பார்ப்பது. எண்டோமெட்ரியோசிஸின் மேலோட்டமான திட்டுகள் ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம். மாதவிலக்கை ஒட்டியே வலி ஏறி இறங்கினால், அப்போது மலம் போகவும் வலித்தால், குழந்தைப் பேறும் தள்ளிப்போனால், ‘ஸ்கேன் நார்மல்’ என்ற சொல்லை நம்பி என்னிடம் வருடத்தைக் கழிக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். என் விரல் தசையைத் தளர்த்தும். அந்தத் திட்டுகளைக் கரைக்காது.

இரண்டாவது கர்ப்பப்பையை எடுப்பது. பெரிய நார்க்கட்டி, நிற்காத ரத்தப்போக்கு, கர்ப்பப்பைச் சுவரே தடித்துப்போகும் அடினோமையோசிஸ், புற்றுநோய்: இவற்றில் அது சரியான சிகிச்சை, செய்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். காரணம் தெரியாத வலிக்கு, ‘இனி அது எதற்கு, குழந்தைதான் பெற்றாயிற்றே’ என்று எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். வலி தசையில் இருந்தால் பை போன பிறகும் அங்கேயே இருக்கும். சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற உடம்பு. எலும்பும் இதயமும் அதன் விலையைப் பின்னால் கொடுக்கும். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கம் நாடு முழுவதும் பேசப்பட்டு, உச்ச நீதிமன்றமே 2023-ல் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

செலவுக் கணக்கில் ஒரு விசித்திரம். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஆகவே ஆபரேஷன் இலவசம்போலவும், வாராவாரம் கைக்காசு கொடுக்கும் பிசியோதெரபி ஆடம்பரம்போலவும் தெரிகிறது. ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரம் குடம் தூக்காமல், கூலிக்குப் போகாமல் இருப்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பலன் தெரிய | திரும்ப முடியுமா | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| வலி மாத்திரை | ஒரு மணி நேரம் | முடியும் | வயிற்றுப் புண், சிறுநீரகம் | மாதவிலக்கின் ஓரிரு நாள் வலி |
| இடுப்புத்தளப் பிசியோதெரபி | 4 முதல் 6 அமர்வு | முடியும் | அரை நாள் கூலி, தினப் பயிற்சி | தொட்டால் வலி, உறவின்போது வலி, தழும்பு, மலச்சிக்கலோடு வலி |
| தானே செய்வது | சில வாரம் | முடியும் | தவறான பயிற்சியால் வலி கூடுவது | சிகிச்சைக்குத் துணையாக |
| தடவுதல், சித்தம் | ஆளைப் பொறுத்து | முடியும் | நோய் கண்டறியத் தாமதம் | ஆபத்து விலக்கப்பட்டவர்கள் |
| லேப்ராஸ்கோப்பி | சில வாரம் | ஓரளவு | மயக்க மருந்து, தழும்பு | மாதவிலக்கை ஒட்டி ஏறும் வலி |
| கர்ப்பப்பை நீக்கம் | சில மாதம் | முடியாது | ஆறு வார ஓய்வு, முன்கூட்டி மாதவிலக்கு நிற்பது | கட்டி, ரத்தப்போக்கு, அடினோமையோசிஸ், புற்றுநோய் |

ஆண்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால் உங்களுக்கும் சேர்த்துத்தான். விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி, உட்கார்ந்தால் அதிகம், புராஸ்டேட் என்று சொல்லி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். இப்படி வரும் நாள்பட்ட வலியில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமியே இருப்பதில்லை. தொட்டில் சேலை உங்களுக்கும் இருக்கிறது. நெல்லையிலிருந்து சென்னைக்கு ராத்திரி முழுக்க வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவர், “இதை என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை டாக்டரம்மா” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அவருக்கு என் சகபணியாளர் ஒருவர், ஆண், சிகிச்சை அளித்தார்.

## மதுரையா, சென்னையா, வீடியோவா

இந்தச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் மாவட்டங்களில் குறைவு. வாராவாரம் மதுரைக்குப் போய்வா என்று தென்காசிக்காரரிடம் சொல்வது நியாயமில்லை. போகும் வழியெல்லாம் குலுங்கி, உட்கார்ந்து, சிறுநீரை அடக்கி வந்தால் அமர்வில் தளர்ந்தது ஊர் வருவதற்குள் இறுகிவிடும். என் யோசனை: முதல் சோதனை மட்டும் நேரில், எவ்வளவு தூரமானாலும். தசை இறுகியிருக்கிறதா தொய்ந்திருக்கிறதா என்பதைத் திரை வழியாகத் தீர்மானிக்க முடியாது. அதன்பின் மூச்சு, நீட்டல், மலம் கழிக்கும் முறை ஆகியவற்றை வீடியோவில் தொடரலாம். உள்ளூர் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தழும்பையும் வயிற்றையும் பார்த்துக்கொள்ள, மாதம் ஒருமுறை நேரில் போய்வரலாம். அரசு மருத்துவமனையிலும் பிசியோதெரபிப் பிரிவில் முதலில் கேட்டுவிடுங்கள்; பயிற்சி பெற்றவர் இருந்தால் கைக்காசு மிச்சம்.

போவதற்கு முன் போனில் நாலு விஷயம் கேளுங்கள். இறுகிய தசைக்கும் தொய்ந்த தசைக்கும் தனித்தனிச் சிகிச்சை செய்வார்களா? திரைச்சீலை மட்டும் இல்லாமல் கதவுள்ள தனி அறையா? உள்பரிசோதனை வேண்டாமென்றால் வெளிப்புறமாகத் தொடங்குவார்களா? கூட ஒரு ஆளை உள்ளே வைத்துக்கொள்ளலாமா? முதல் கேள்விக்கே, “எல்லோருக்கும் கெகல்தான் சொல்லித் தருகிறோம்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிட்டு அடுத்த எண்ணைப் போடுங்கள். போகும் நாளில் தளர்வான உடை, மூன்று நாள் எப்போது தண்ணீர் குடித்தீர்கள், எப்போது சிறுநீர், மலம் போனது, எப்போது வலித்தது என்று எழுதிய ஒரு தாள். ஸ்கேன் பையையும் எடுத்துப் போங்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம்.